கன்னியம்மா போட்ட உரம்

நவீனுக்கு,

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. "கல்யாணம் முடிஞ்சதும் எங்களோடயே கிளம்பிடும்மா. ஃபிளாட்டை வித்துடலாம். அங்க உனக்கு யார் இருக்கா?" என்று கேட்டாய். குக்கர் விசில் அடிக்கிறது, அப்புறம் பேசலாம் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அன்று நான் சமைக்கவே இல்லை. காலையில் கேளம்பாக்கம் பக்கத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி, தலைக்குக் குளித்து, ஈரத்தலையோடு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இறந்துபோனவள் பெயர் கன்னியம்மா. எனக்கு என்ன உறவு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உனக்கு அவளைத் தெரியாது. ஒருமுறை வீடியோ காலில் எனக்குப் பின்னால் சமையலறையில் அவள் நிற்பதைப் பார்த்துவிட்டு, "யாரும்மா அது, வேலைக்கு ஆள் வெச்சிட்டியா?" என்று கேட்டாய். "தெரிஞ்சவங்க" என்றேன். அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நாம் பலமுறை பேசிவிட்டோம். கோயம்புத்தூர் மண்டபம், லாவண்யாவுக்கு எடுக்க வேண்டிய புடவை, என் பிரஷர் மாத்திரை எல்லாம் பேசினோம். இதை மட்டும் போனில் சொல்ல வரவில்லை. எனக்குப் போனில் நீளமாகப் பேச வராது. எழுதினால் வரும். வேலை பார்த்த காலம் முழுவதும் அறிக்கை எழுதியே கழித்தவள். கொஞ்சம் பொறுமையாகப் படி.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று நீ ஒருநாளும் சரியாகக் கேட்டதில்லை, நானும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் "எங்கம்மா நெல்லுக்கு டாக்டர்" என்று சொல்லி வைத்திருந்தாய். அது அவ்வளவு தப்பும் இல்லை. பயிருக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று மூன்று வேண்டும். நடுவில் இருக்கிற மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், விசித்திரமான ஒன்று. செம்மண்ணில் அது இருக்கும், இருந்தும் இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொண்டு பயிருக்குக் கிடைக்காது. தழைச்சத்து தண்ணீரோடு கரைந்து வேரிடம் வந்து சேரும். இது இருந்த இடத்தை விட்டு அசையாது. வேர்தான் அதைத் தேடிக்கொண்டு போக வேண்டும். மானாவாரி மேட்டு நிலங்களில் வளர்ந்த சில பழைய நெல் ரகங்களுக்கு அந்தத் திறமை உண்டு. நாற்றுப் பருவத்திலேயே அவற்றின் வேர் மற்றதைவிட வேகமாகவும் அடர்த்தியாகவும் பரவும். அதற்குக் காரணமான ஒரு மரபணு அவற்றில் இருக்கிறது. நாம் விரும்பிச் சாப்பிடுகிற ரகங்கள் பலவற்றில் அது இல்லை. அவற்றையெல்லாம் உரம் நிறையப் போட்ட வயல்களில் வைத்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். வயிறு நிறைந்த இடத்தில் யார் பசி தாங்குவார்கள் என்று எவரும் பார்க்கவில்லை. நெல்லின் மரபணு வரிசையை முதன்முதலில் முழுதாகப் படித்தபோது, அதற்கு எடுத்துக்கொண்ட ரகத்தில் அந்த மரபணுவே கிடையாது. அதனால் வரைபடத்தில் அதைத் தேடியவர்களுக்கு அந்த இடம் கிடைக்கவே இல்லை. இதை முதலில் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பரவசம். அப்பாவிடம் சொன்னேன். "சரி, சாம்பார்ல உப்பு இல்ல" என்றார்.

என் வேலை, அந்த மரபணுவை நம் பக்கத்து மக்கள் விரும்பும் ஒரு நெல்லுக்குள் கொண்டுவருவது. கொண்டுவந்தால் மட்டும் போதாது. ஒரு ரகத்தில் அது வேரை ஓட வைக்கும், இன்னொன்றில் போய்ச் சேர்ந்துவிட்டு ஒன்றும் செய்யாமல் கிடக்கும். வேர் என்பது ஒரு மரபணுவின் காரியம் இல்லை, கூட இருக்கிற மற்றவையும் ஒத்துழைக்க வேண்டும். பூ மலர்வதற்கு முன் ஒவ்வொரு நெல் பூவாக நுனியைக் கத்தரித்து, மகரந்தப் பைகளை எடுத்துவிட்டு, உறை போட்டு மூடி, மற்றதன் மகரந்தத்தைத் தட்டி, கிடைக்கிற கைப்பிடி விதையை விதைத்து, இலையைக் கிள்ளி ஆய்வகத்தில் பார்த்து, வேண்டாததைக் கழித்து, மறுபடியும் முதலிலிருந்து. உன் கோடை விடுமுறைகள் பலவும் இதில்தான் போயின. கடைசியில் ஆய்வகம் எத்தனை சொன்னாலும், பசித்த மண்ணில் அந்தப் பயிர் நிற்கிறதா என்று கண்ணால் பார்த்தாக வேண்டும். பசித்த மண் கடையில் கிடைக்காது. நாமே உண்டாக்க வேண்டும்.

அதற்குத்தான் கேளம்பாக்கத்துக்கு உள்ளே தள்ளி ஒரு செம்மண் நிலத்தை எங்கள் ஆராய்ச்சி நிலையம் குத்தகைக்கு எடுத்தது. கன்னியம்மாவின் குடும்பத்து நிலம். அவர்கள் அந்த ஊரின் பூர்வீகக் குடி. முன்பு விவசாயம். இப்போது வாடகை வீடுகள், தண்ணீர் லாரிகள், மூத்த மகனுக்கு ஓஎம்ஆரில் ஹார்டுவேர் கடை. மீதமிருந்த அந்த ஒரு துண்டும் நல்ல விலைக்குக் காத்திருந்தது, அதுவரை எங்களுக்கு. வருடாவருடம் அதில் நெல் விதைத்தோம். மற்ற சத்துகளைக் கொடுத்து மணிச்சத்தை மட்டும் கொடுக்காமல், வைக்கோலைக்கூட அங்கே விடாமல் அள்ளிக்கொண்டு, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பசிக்க வைத்தோம். ஒரு ஓரத்தில் மட்டும் ஒப்பிட்டுப் பார்க்க எல்லாம் போட்ட பாத்தி. சாயங்காலமானால் கன்னியம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் குடையுமாக வந்து வரப்பில் உட்கார்ந்துகொள்வாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், கை நிறையத் தங்க வளையல். என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று யாரோ சொல்லிவிட்டதால் அந்தத் தெருவே என்னிடம் முட்டி வலிக்கு மருந்து கேட்டது.

"இன்னா டாக்டரம்மா, இந்தப் பக்கம் பயிரு நல்லா கீது, அந்தப் பக்கம் சவலப் புள்ள மாதிரி கீது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அதுக்கு மணிச்சத்து போடலக்கா."

"மறந்துட்டீங்களா?"

"வேணும்னுதான் போடல. பட்டினி போட்டாத்தான் எது தாங்கும்னு தெரியும்."

"அய்ய, இன்னா வேல இது! வாயில்லாத ஜீவன பட்டினி போட்டு எது சாவுதுன்னு குந்திகினு பாக்கறதா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எவ்வளவு விளக்கியும் அவளுக்கு ஏறவில்லை. மறுநாளும் அதையே கேட்டாள்.

அப்பா போனது ஒரு கோடையில். நீ ஓடிவந்தாய், காரியங்கள் எல்லாம் முறையாகச் செய்தாய், லீவு முடிந்து கிளம்பினாய். உன்னை விமான நிலையத்துக்குள் அனுப்பிவிட்டு, எதிரில் திரிசூலம் ஸ்டேஷனில் வண்டி பிடித்துக் குரோம்பேட்டையில் இறங்கி, சிட்லபாக்கத்துக்கு ஷேர் ஆட்டோவில் வந்தேன். வீட்டுக் கதவைத் திறந்தபோது உள்ளே டிவி ஓடாதது காதை அடைத்தது. மறுநாள் வயலுக்குப் போனேன். அங்கே பயிர்கூட இல்லை, உழுது போட்ட மண்தான். எனக்குப் போக வேறு இடம் தோன்றவில்லை. கன்னியம்மா வந்தாள். "புள்ள போயிடுச்சா?" என்றாள். "போயிட்டான்" என்றேன். ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாஷ்டா துன்னியா?" என்றாள். அதுவரை என்னை நீங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து நீ ஆனேன். வீட்டிலிருந்து இட்லி கொண்டுவரச் செய்து, நான் தின்று முடிக்கும்வரை எதிரில் நின்றாள்.

அந்த வருட மழைக்காலத்துப் பயிர்தான் என் பணிக்காலத்தின் கடைசிப் பயிர். அந்த முறை நான் எதிர்பார்த்தது கண்ணுக்குத் தெரிந்தது. உரமில்லாத பக்கத்தில், சாதாரண ரகம் குட்டையாக, தூர் கட்டாமல், இலை கருத்து விறைத்து நின்றது. நான் உண்டாக்கிய வரிசைகளில் சில அதே மண்ணில் பச்சையாகப் பிடித்து எழும்பிக்கொண்டிருந்தன. அளக்க வேண்டும், தோண்டி வேரைக் கழுவிப் பார்க்க வேண்டும். அதற்குள் எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. கை கால் மூட்டெல்லாம் பூட்டிக்கொண்டு, குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போன காய்ச்சல். உன்னிடம் ஜலதோஷம் என்றேன். என்கூட வேலை பார்த்த முபாரக் அப்போது பயிற்சிக்காக வெளியூரில் இருந்தான். எதிர் ஃபிளாட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. வாட்ச்மேன் ரொட்டி வாங்கிக் கதவில் மாட்டிவிட்டுப் போவார். தினமும் போன் செய்தது கன்னியம்மா ஒருத்திதான். "இன்னா, எழுந்தியா?" என்பாள். ஒருநாள், "பயிர பத்தி நீ பேஜார் பண்ணிக்காத, நான் பாத்துக்கறேன்" என்றாள். தண்ணீர் பாய்ச்சுவதைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "சரிக்கா, பாத்துக்குங்க" என்றேன்.

காய்ச்சல் விட்டு நான் வயலுக்குப் போன அன்று, தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. வயல் முழுவதும் ஒரே பச்சை. எந்த வரிசை எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நோஞ்சானாக நின்றதெல்லாம் நிமிர்ந்திருந்தது. கன்னியம்மா வரப்பில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா, எப்டி எழுந்துகிச்சு!"

"என்னக்கா பண்ணீங்க?"

"டிஏபி வாங்கியாந்து போட்டேன். ஆளு கூட வெக்கல, நானே வீசனேன். கண்ணெதிர்ல காயறத எத்தினி நாளுதான் பாக்கறது?"

டிஏபி என்றால் மணிச்சத்து நிறைந்த உரம். நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு கத்தினேன். அந்த மாதிரி நான் உன்னிடம்கூடக் கத்தியதில்லை. இந்த மண்ணை இப்படி ஆக்க எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா, உங்களை யார் கேட்டது, யார் போடச் சொன்னது என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடியிலிருந்து வேலையாட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவளுக்கு நான் சொன்னது எதுவும் புரியவில்லை, கோபம் மட்டும் புரிந்தது. நான் ஓய்ந்த பிறகு சொன்னாள்:

"யாரும் கேக்கல. நீ இன்னா வாயத் தொறந்து கேக்கற ஆளா? நீ அங்க ஒண்டியா காய்ச்சல்ல கெடந்த. உன் பயிரு இங்க ஒண்டியா கெடந்துது. உன் வூட்டுக்கு வர எனக்கு வழி தெரியல. இது என் வூட்டாண்ட கீது. அதான் இதுக்குப் போட்டேன்."

நான் திரும்பி வந்துவிட்டேன். மணிச்சத்து போட்டால் போட்டதுதான், அந்த மண்ணை விட்டுச் சீக்கிரம் போகாது. அந்த வயல் இனி பசித்த மண் ஆக இன்னும் பல பருவம் வேண்டும், எனக்கு அவ்வளவு பணிக்காலம் இல்லை. சோதனை கைவிடப்பட்டது என்று அறிக்கையில் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'எதிர்பாராத உர இடுகை' என்று எழுதினேன். அவள் பெயரை எழுதவில்லை. விதையை மட்டும் அறுத்து, வரிசை வாரியாகப் பையில் போட்டு, முபாரக்கிடம் கொடுத்துக் குளிர் அறையில் வைக்கச் சொன்னேன். சில மாதங்களில் ஓய்வு பெற்றேன். சால்வை போட்டு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். நீ ஆப்பில் கேக் அனுப்பியிருந்தாய். நல்ல கேக். வெட்டி, வாட்ச்மேனுக்குப் பாதி கொடுத்தேன். நிலையத்தின் குத்தகையும் அந்த வருடத்தோடு முடிந்தது.

அதற்கப்புறம் நாட்கள் எப்படிப் போயின என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. காலையில் ஏரியைச் சுற்றி நடப்பேன். பேப்பரில் வரி விளம்பரம்வரை படிப்பேன். மத்தியானம் ஒரு கரண்டி மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தால், அடுத்து என்ன என்று தெரியாது. சில நாள் சாயங்காலம் போன் எடுத்து "ஹலோ" சொல்லும்போது, அன்று முழுக்க நான் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று தெரியும், தொண்டை அடைத்திருக்கும். "என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்பாய். "இப்பத்தான் தூங்கி எழுந்தேன்" என்பேன்.

அப்படி ஒரு மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. கன்னியம்மா. முபாரக்கிடம் விலாசம் வாங்கிக்கொண்டு, மகனின் கார் டிரைவரோடு வந்திருந்தாள். கையில் கோவளத்தில் வாங்கிய வஞ்சிரம். என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"இன்னும் கோவமா கீறியா?"

"ஆமா."

"சரி, இருந்துட்டுப் போ. கத்தி எங்க வெச்சிகீற?"

மீன் குழம்பு வைத்துவிட்டு, என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள். அடுத்த வாரமும் வந்தாள். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, நான் மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. அந்தப் பேச்சு அப்படியே நின்றுவிட்டது, அவள் வருவது நிற்கவில்லை. சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுவாள். "எங்க வூட்ல பத்து பேரு கீறாங்க. அல்லாருக்கும் ஆளுக்கு ஒரு போனு. என்னாண்ட பேசத்தான் ஒரு ஆளு இல்ல" என்பாள். மகன்களைத் திட்டுவாள், மருமகள் ரேவதியைத் திட்டுவாள், லாரி டிரைவர்களைத் திட்டுவாள். நான் கேட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்குவேன். நாலு வருஷம் போல இது நடந்தது. உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். என் வயலைக் கெடுத்த அம்மாள் வாரம் ஒருமுறை வந்து மீன் குழம்பு வைக்கிறாள் என்று ஆரம்பித்தால், எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது?

போன மழைக்காலத்தில் முபாரக் கூப்பிட்டான். அவன் இப்போது புதுக்கோட்டைப் பக்கம் வேலை பார்க்கிறான். அங்கே இயற்கையாகவே மணிச்சத்து குறைந்த செம்மண்ணில் என் விதைகளை இரண்டு பருவமாகப் போட்டு வருவதாகவும், வந்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னான். கன்னியம்மாவிடம் சொன்னதுதான் தப்பு. "நானும் வரேன்" என்று நின்றாள். பெருங்களத்தூரில் பஸ் ஏறினோம். திருவிழாக் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் கிளம்பினேன், அப்படியும் அவள் ஜன்னல் ஓரத்துக்கு ஒரு காலேஜ் பெண்ணிடம் சண்டை போட்டாள்.

வயலில் முபாரக் இரண்டு தூர்களை மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அலசி எடுத்து என் கையில் கொடுத்தான். சாதாரண ரகத்தின் வேர் கொஞ்சமாக, நாலு நூலைப் போலத் தொங்கியது. என் வரிசையின் வேர் அடர்ந்து, கிளை கிளையாகப் பிரிந்து, கை நிறைய வந்தது. நீர் சொட்டச் சொட்ட அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "விளைச்சல் எப்படிப்பா?" என்றேன். "உரம் போட்ட அளவுக்கு வராது மேடம். ஆனா போடாத இடத்துல மத்தது கைவிட்டுடுது, இது குடுக்குது. இன்னும் பல இடத்துல போட்டுப் பாக்கணும்" என்றான். அவன் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

கன்னியம்மா சாதாரண ரகம் நின்ற வரிசைக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தாள். "இதுக்கு ஒண்ணும் போடலியா தம்பி?" என்றாள். "போடலம்மா" என்றான். அவள் இரண்டு கையையும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "என்ன அந்தாண்ட கூட்டிகினு போ. இங்க நின்னா என் கை சொம்மா இருக்காது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த விஷயத்தை நினைத்து நான் சிரித்தது அன்றுதான். முபாரக்கும் சிரித்தான். பிறகு அவள் என் வரிசைக்கு வந்து இலையைத் தடவிப் பார்த்தாள்.

"இதுவும் பட்டினிதான?"

"ஆமாக்கா."

"மூஞ்சப் பாத்தா தெரியலியே" என்றாள்.

திரும்பும் வழியெல்லாம் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் தூங்கவில்லை.

சென்ற மாதம் ஒரு வாரம் அவள் வரவில்லை. போன் செய்தேன், பேரன் எடுத்து, ஆயா போயிடுச்சு என்றான். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே. எனக்கு யாரும் சொல்லவில்லை. யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற வரிசையில் நான் எங்கும் இல்லை. போனேன். தெரு அடைத்துப் பந்தல், மேளம், மாலைகள். வாசலில் ஒரு பையன், "நீங்க யாருங்க?" என்று கேட்டான். என்ன சொல்வது என்று தெரியாமல், அந்தத் தெருவில் என்னை எப்படிச் சொல்வார்களோ அப்படியே, "டாக்டரம்மா" என்றேன். "எந்த ஆஸ்பத்திரி மேடம்?" என்றான். பிறகு மரியாதையாக நாற்காலி போட்டு, சோடா கொண்டுவந்து கொடுத்தார்கள். பெண்கள் வந்து வந்து அத்தே என்றும் பெரிம்மா என்றும் ஆயா என்றும் சொல்லி மாரடித்து அழுதார்கள். எனக்குச் சொல்லி அழ ஒரு வார்த்தை இல்லை. சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வளையல்களைக் கழற்றியிருந்தார்கள், அவள் கை சின்னதாகத் தெரிந்தது. எடுக்கும்வரை இருந்துவிட்டு வந்தேன். அன்றுதான் நீ கேட்டாய், அங்க உனக்கு யார் இருக்கா என்று.

இதை எழுத உட்கார வைத்தது அது இல்லை. காரியம் முடிந்த பிறகு, நேற்று, மருமகள் ரேவதி இங்கே வந்தாள். அவளை நான் சாவு வீட்டில்தான் முதலில் பார்த்தது, அங்கும் பேசவில்லை. வாசலில் நின்றுகொண்டு, "அத்த வாராவாரம் இங்கதான் வருவாங்கன்னு டிரைவர் சொன்னாரு. சொம்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் மேடம்" என்றாள். உள்ளே கூப்பிட்டேன். சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"இங்க வந்து இன்னா பேசுவாங்க?"

"எல்லாம்தான். வாயே மூட மாட்டாங்க."

"எங்க வூட்ல வாயத் தொறக்கவே மாட்டாங்க மேடம்." கொஞ்சம் தயங்கினாள். "என்னப் பத்தி எதுனா சொல்லுவாங்களா?"

நல்லதாக ஏதாவது சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. செத்தவர்கள் பெயரில் நல்லது சொல்வது சுலபம். ஆனால் அவள் அதைக் கேட்க அவ்வளவு தூரம் வரவில்லை என்று பட்டது.

"திட்டுவாங்கம்மா" என்றேன்.

"இன்னான்னு?"

"வேளைக்குச் சோறு போடறா, மாத்திரை எடுத்துக் குடுக்கறா, ஒரு குறை வெக்கல, ஆனா பக்கத்துல குந்தி ஒரு வார்த்த பேச மாட்டேங்கறாளேன்னு."

ரேவதி சுவரில் சாய்ந்துகொண்டாள். "அவங்களுக்கு என்னப் புடிக்காதுன்னு நெனச்சிகினு இருந்தேன் மேடம். தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு எட்டியே இருந்துட்டேன்" என்றாள். அப்புறம் அழுதாள். நான் டீ போட்டேன். பொழுது சாயும்வரை அவள் மாமியார் இங்கே பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சிலவற்றுக்குச் சிரித்தாள். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நல்ல வேள, பொய் சொல்லல நீங்க" என்றாள்.

அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு யோசித்தேன். நீயும் லாவண்யாவிடம் என்னைப் பற்றி ஏதோ சொல்லியிருப்பாய். அம்மா எதையும் சொல்ல மாட்டாங்க, கேட்டா நல்லா இருக்கேன்னுவாங்க என்றுதான் சொல்லியிருப்பாய். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய்.

ஃபிளாட்டை விற்க வேண்டாம். நீ அதைச் சொன்னபோது என்னை எவரும் கேட்காமல் என் வயலில் உரம் விழுந்த நாள் நினைவுக்கு வந்து கோபம் வந்தது. பிறகு, நீயும் வழி தெரியாமல்தான் கைக்கு எட்டியதைச் செய்கிறாய் என்று புரிந்தது. கல்யாணம் முடிந்ததும் உங்களோடு வருகிறேன். சில மாதம் இருக்கிறேன். முபாரக் அடுத்த விதைப்புக்குக் கூப்பிட்டிருக்கிறான், அதற்குள் திரும்பிவிடுவேன். லாவண்யாவுக்கு என்ன வேண்டும் என்று அவளையே கேட்டுச் செய். அவள் கேட்கிற ஆள் இல்லை என்றால், தோன்றுவதைச் செய்துவிட்டுத் திட்டு வாங்கிக்கொள். எட்டி மட்டும் நிற்காதே.

நான் தனியாக இருக்கிறேன், நவீன். அப்பா போன நாளிலிருந்து. நடுவில் சில வருஷம் வாரத்தில் ஒரு மத்தியானம் மட்டும் தனியாக இல்லாமல் இருந்தேன், அதுவும் முடிந்துவிட்டது. இதைச் சொன்னால் நீ அங்கே வேலையில் உட்கார்ந்து கலங்குவாய் என்று இத்தனை நாள் சொல்லவில்லை. நீயும் என்னிடம் எதையெதையோ சொல்லாமல் வைத்திருப்பாய், எனக்குப் பிரஷர் ஏறுமென்று. ஏறினால் மாத்திரை இருக்கிறது. நீ வந்து இறங்கும் நாளில் மண்டபம், புடவை எதுவும் வேண்டாம். பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டுச் சமையலறைக்கு வா, நான் சமைக்கும்போது பக்கத்தில் உட்கார். முதலில் நான் பேசுகிறேன். அப்புறம் நீ.

அம்மா